பேஸ் கிற்றார்க்காரரின் சிறிய மூட்டை

மெல்லிசைக் கச்சேரிக்குச் செல்வோரின் கண்கள் முதலிற் பாடகரிடம் செல்லும். அடுத்து வயலின், கிற்றார், தாளவாத்தியம் என்று ஒவ்வொன்றாகத் தாவும். மேடையின் ஓர் ஓரத்தில், நீண்ட கழுத்தும் தடித்த நான்கு கம்பிகளுமுடைய கிற்றார் ஒன்றைத் தோளிலிட்டு, பெரும்பாலும் அசையாது நிற்கும் இளைஞரைக் கவனிப்போர் சிலரே. ஆயினும் பாட்டின் நடுவே அவர் கையெடுத்துவிட்டால், என்ன குறைந்ததென்று சொல்லத் தெரியாமலே சபையோர் முகஞ் சுழிப்பர். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒலியாது போனால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். அந்த நாற்கம்பி வாத்தியமே பேஸ் கிற்றார்.

இவ்வாரம் அதனைப் பற்றி எழுத நேர்ந்தமைக்குக் காரணம் ஒரு பட்டியல். சில வாரங்களுக்கு முன்னர் ஒரு தந்தையார் அதனை என்னிடம் கொண்டுவந்தார். உயர்தர வகுப்பிற் பயிலும் அவருடைய மகன் நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்திருக்கிறான்; பேஸ் கிற்றார் அவன் பங்கு. கிற்றார் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பட்டியலில் இருந்தவை வேறு: 300 வாற்று அம்பிளிபயர் ஒன்று, பத்தங்குல ஒலிபெருக்கிகள் எட்டு அடங்கிய பெட்டிகள், காலால் மிதித்து ஒலியின் தன்மையை மாற்றும் கருவிகள் ஐந்து. “மாஸ்ரர், மனைவியின் காப்பை அடைவு வைத்தால் வாங்கலாம். ஆனால், இவ்வளவும் இல்லாமல் மேடையேற ஏலாதோ?” என்று கேட்டார். சங்கீதம் எனது பாடமன்று. பௌதிகம் படிப்பிக்கிறவன் என்பதாலும், கல்லூரி விழாக்களின் ஒலிபெருக்கி ஒழுங்குகள் ஆண்டுதோறும் என் தலையிலேயே விழுவதாலும் அவர் என்னிடம் வந்தார். ஏலும் என்பதே என் விடை. அதற்குரிய நியாயங்களைப் பெற்றோரும் மாணவரும் அறிந்துகொள்ளும்படி சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வாத்தியம் பிறந்ததே சுமையைக் குறைப்பதற்காகத்தான். அமெரிக்க நடன இசைக்குழுக்களில் முன்பு அடித்தொனி கொடுத்தது டபிள் பேஸ் என்னும் பெரிய வயலின் வகை. ஆளுயரம் அதற்குண்டு; நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும்; ஊர்விட்டு ஊர் போகும்போது வண்டியில் அதற்கு இடம் தேடுவதே பெரும்பாடு. இவ்வளவு பருமனிருந்தும், ஊதுகுழல்களும் மின் கிற்றார்களும் முழங்கத் தொடங்கியதும் அதன் குரல் கேளாது போயிற்று. கலிபோர்ணியாவின் புல்லர்ட்டன் நகரில் றேடியோ திருத்தி வந்த லியோ பெண்டர் என்பவர் 1951ஆம் ஆண்டில் இதற்கொரு மாற்றுச் செய்தார். கனமான பலகை ஒன்று, 34 அங்குல நீளக் கம்பிகள் நான்கு, வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள், கம்பிகளின் அடியில் காந்தமும் கம்பிச்சுருளும். இவ்வளவுதான். மெட்டுகள் இருப்பதால் சுரத்தானம் பிசகாது என்பதைக் குறித்து, ‘துல்லியம்’ என்று பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்ற பெயரை அதற்குச் சூட்டினார். இதில் வியப்பு யாதெனில், பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. வாசிப்போர் சொன்னதைக் கேட்டுக் கேட்டே செய்தார்.

லயனல் ஹம்ப்டனின் பெரிய ஜாஸ் குழுவில் மங்க் மொன்ட்கமெரி என்ற கலைஞர் இதனை ஏந்தி 1953இல் ஐரோப்பாவெங்கும் சென்றார். டபிள் பேஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பலகையையும் ஒரு பெட்டியையுங் கண்ட இரசிகர் என்ன நினைத்திருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இனிச் சிறிது பௌதிகம். மாணவர்கள் பொறுத்தருள்க, ஞாயிற்றுக்கிழமையிலும் விடமாட்டாரோ என்று முணுமுணுப்பது கேட்கிறது. பேஸ் கிற்றாரின் நான்கு கம்பிகளும் சாதாரண கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கு ஒரு தாயி கீழே சுருதி சேர்க்கப்படுகின்றன. மிகத் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறையும், அடுத்தடுத்தவை 55, 73, 98 முறையும் அதிரும். 41 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் எட்டு மீற்றருக்குச் சற்று மேல். எமது வகுப்பறையொன்றின் நீளம். இத்துணை நீண்ட அலையை உண்டாக்கக் காற்றை நிறையத் தள்ளவேண்டும். ஆகையாற்றான் பேஸ் கிற்றாருக்குப் பெரிய ஒலிபெருக்கியும் கூடிய வலுவும் தேவைப்படுகின்றன. இதுவரை அம்மாணவன் எண்ணியது சரியே.

ஆனால், எமது காது ஒரு தந்திரம் செய்கிறது. கம்பியொன்றை மீட்டும்போது அடித்தொனியோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு மீடிறனுள்ள மேற்றொனிகளும் எழுகின்றன. அடித்தொனி மெலிந்து போனாலும், மேற்றொனிகளைக் கொண்டு காதானது அடித்தொனியைத் தானே ஊகித்துக்கொள்ளும். 41 அதிர்வை ஒழுங்காக எழுப்ப இயலாத சிறிய றேடியோப் பெட்டியிலும் பேஸ் வாசிப்பு எமக்கு விளங்குவது இதனாலேயே. எனவே சபையோருக்கு வேண்டியது தரையை அதிரவைக்கும் முழக்கமன்று. எந்தச் சுரம், எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்ற தெளிவு. அந்தத் தெளிவு கடையில் விற்பனைக்கு இல்லை.

இதற்குச் சான்றாக நான் எப்போதும் காட்டுவது ஜேம்ஸ் ஜேமர்சனை. 1936இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திற் பிறந்தவர். 1954இல் டெற்றோயிற் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள உயர்தரப் பாடசாலையில் டபிள் பேஸ் பழகினார். 1959 முதல் அந்நகரின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியில் வாசித்தார். 1960களில் உலகெங்கும் விற்ற அக்கம்பனியின் இசைத்தட்டுகளில் மிகப் பலவற்றின் அடித்தொனி அவருடையதே. ‘மை கேர்ள்’ என்ற 1964ஆம் ஆண்டுப் பாட்டு, நாடித்துடிப்புப் போன்ற அவருடைய மீட்டலோடு தொடங்குவதைப் பலர் கேட்டிருப்பர்; மீட்டியவர் யாரென்று அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலர். வாத்தியக்காரர்களின் பெயரை இசைத்தட்டின் உறையிற் போடும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. 1971இல் வெளிவந்த ‘வட்ஸ் கோயிங் ஒன்’ தொகுப்பிலேதான் அவர் பெயர் அச்சேறியது.

அவருடைய கருவிகளைக் கேளுங்கள். 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்று. அதிற் பட்டையாகச் சுற்றிய, வழவழப்பான தடித்த கம்பிகள், அறுந்தாலன்றி மாற்றமாட்டார். கம்பிகள் மெட்டுகளை விட்டு உயரத்தில் நின்றன. பிறர் அதை வாசிக்கவே சிரமப்படுவர். கம்பிகள் ஓயாது ஒலித்துக்கொண்டிராதபடி அவற்றின் அடிமுனையில் ஒரு துண்டு ஸ்பொஞ்சு. வலக்கையிற் பயன்படுத்தியது சுட்டுவிரல் ஒன்றை மட்டுமே. அவ்விரலுக்குக் ‘கொக்கி’ என்றே நண்பர்கள் பெயர் வைத்திருந்தனர். ஒலிப்பதிவுக் கூடத்தில் அம்பிளிபயரும் இல்லை. கிற்றாரிலிருந்து சென்ற கம்பி நேரே ஒலிப்பதிவு மேசையிற் செருகப்பட்டது.

இரவு விடுதிகளில் வாசிக்கப் போகும்போது அவர் கொண்டுசென்றது அம்பெக் கம்பனியின் பீ-15 என்னும் பெட்டி. இந்தப் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். அம்பெக்கைத் தொடங்கிய எவரெற் ஹல் தாமே டபிள் பேஸ் வாசிப்பவர். அதன் அடியிலுள்ள முளையினுள் ஒலிவாங்கி பொருத்திய அவருடைய கண்டுபிடிப்பிலிருந்தே கம்பனியின் பெயர் வந்தது. 1960இல் வெளிவந்த பீ-15இல் பதினைந்தங்குல ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று. வலு 25 வாற்று. வேலை முடிந்ததும் அம்பிளிபயரைத் தலைகீழாகப் பெட்டிக்குள்ளே கவிழ்த்து மூடிவிடலாம். சில்லு வைத்த பலகையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகலாம். ஒரு கிற்றார், ஒரு கம்பி, ஒரு பெட்டி. ஜேமர்சன் 1983இல், தமது 47ஆவது வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அந்தக் கிற்றார் களவு போயிற்று.

25 வாற்று எங்கே, எமது மாணவனின் 300 வாற்று எங்கே என்று கேட்கலாம். இங்கேதான் கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. வலுவைப் பத்து மடங்காக்கினால் காதுக்கு ஒலி ஏறத்தாழ இருமடங்காகவே தோன்றும். வலுவை இருமடங்காக்கினால், சற்றுக் கூடியது என்று மட்டும் தெரியும். எனவே 150 வாற்றுக்கும் 300 வாற்றுக்கும் விலையில் உள்ள வித்தியாசம் காதில் இல்லை. 30 வாற்றுக்காரர் பத்து மடங்கு வலுவுக்குப் பணம் கொடுத்து வாங்குவது இருமடங்கு ஒலியை.

சிறிய பெட்டி எங்கும் போதும் என்று நான் வாதாட வரவில்லை. 1965ஆம் ஆண்டு ஓகஸ்ற் 15ஆந் திகதி, நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீற்றில்ஸ் குழுவினர் 55,000 பேருக்கு மேற்பட்ட சனத்தின் முன் வாசித்தனர். அவர்களுக்கென்று விசேடமாகச் செய்த 100 வாற்று அம்பிளிபயர்களும் இரசிகரின் கூச்சலில் அமிழ்ந்து போயின. ஒன்பது ஆண்டுகளின் பின், 1974இல், கிரேற்புல் டெட் என்ற அமெரிக்கக் குழுவினர் மறு எல்லைக்குச் சென்றனர். மேடையின் பின்னால் ஒலிபெருக்கிகளால் ஒரு பெருஞ்சுவரே எழுப்பினர். அதன் மொத்தப் பாரம் ஏறத்தாழ 75 தொன். பில் லெஷ் வாசித்த பேஸ் கிற்றாரின் ஒவ்வொரு கம்பியின் ஒலியையும் தனித்தனி ஒலிபெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்பக்கூடிய வசதியும் அதில் இருந்தது. ஒலி அற்புதமாயிருந்ததென்றே கேட்டோர் கூறுவர். ஆயினும் ஏற்றி இறக்கும் கூலியையும் செலவையும் தாங்கமாட்டாது அந்த ஆண்டோடு அச்சுவரைக் கைவிட்டனர்.

இன்று அந்தச் சுவரும் வேண்டாம். ‘டி.ஐ.’ என்று சொல்லப்படும் ஒரு சிறிய பெட்டி, அச்சுப் புத்தகமொன்றின் அளவே இருப்பது, இப்பிரச்சினையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. கிற்றாரிலிருந்து வரும் மெலிந்த மின்சைகை ஆறு ஏழு மீற்றருக்கு மேற்பட்ட கம்பியிற் சென்றால் தெளிவை இழக்கும்; வழியிலுள்ள இரைச்சலையும் வாரிக்கொள்ளும். டி.ஐ. பெட்டியினுள் இருக்கும் சிறிய மின்மாற்றி அச்சைகையை நெடுந்தூரம் செல்லத்தக்கதாக்குகிறது. சபைக்கு முன்னாலுள்ள ஒலிக்கலவை மேசைக்கு அதனை அனுப்பிவிட்டால், மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கிகள் சபையோருக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும். மேடையிலுள்ள பெட்டி வாசிப்பவரும் அருகில் நிற்போரும் கேட்பதற்கே. அதற்கு 30 அல்லது 50 வாற்று தாராளம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வாடகைக்கு வருவது புனல் வடிவ ஒலிபெருக்கிகள் மட்டுமாயின் அவற்றினூடாக அடித்தொனி வெளிவராது. அறிவித்தலுக்கு உதவும் அவை பேஸ் கிற்றாருக்கு உதவா. அப்படியான இடத்திற் பெரிய பெட்டியொன்றை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பது, வாங்கி வீட்டு விறாந்தையில் ஆண்டு முழுவதும் வைத்திருப்பதிலும் மலிவு.

காலால் மிதிக்கும் ஐந்து கருவிகளைப் பற்றி அம்மாணவன் என்மீது கோபிக்கக்கூடும். கிற்றாரையும் பெட்டியையும் நேரே இணைத்தால் ஒரு கம்பி, இரண்டு செருகிகள். ஐந்து கருவிகளை இடையிற் புகுத்தினால் ஆறு கம்பிகள், பன்னிரண்டு செருகிகள். மின்வழங்கற் கம்பிகள் வேறு. இவற்றுள் ஏதேனும் ஒன்று தளர்ந்தாலும் ஒலி அடியோடு நின்றுவிடும். இருட்டிற் குனிந்து எதுவென்று தேடுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். சில வகை இசைக்கு இக்கருவிகள் இன்றியமையாதவை என்பதை மறுக்கவில்லை. மெல்லிசைப் பாடல்களையும் பைலாவையும் வாசிக்கத் தொடங்கும் குழுவுக்கு, கம்பிகளை மீட்டியவுடன் அமர்த்தப் பழகிய இரண்டு உள்ளங்கைகள் அவற்றிலும் கூடிய பயன் தரும். வாசிக்காத கம்பி தானே பரிவுற்று முனகுவதே புதியவர்களின் பேஸ் வாசிப்புக் கலங்கித் தோன்றுவதற்கு முதற் காரணம். ஜேமர்சனின் ஸ்பொஞ்சுத் துண்டை மறவாதீர்.

குறைக்கக் கூடாத ஒன்று உண்டு. பெற்றோர் இந்தப் பந்தியை மட்டுமாவது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுக. 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற ஸ்கொத்லாந்துக் கிற்றார்க் கலைஞர் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். கையிற் கிற்றார், எதிரே புவித்தொடுப்பு ஒழுங்காக இல்லாத ஒலிவாங்கி. அதைத் தொட்டதும் எல்லாம் முடிந்தது. அவருக்கு வயது முப்பதும் ஆகவில்லை. கிற்றாரின் கம்பிகள் அம்பிளிபயரின் வழியாகப் புவியோடு தொடுக்கப்பட்டிருப்பவை. ஆதலால் அவற்றைப் பிடித்திருப்பவர், பழுதான வேறொரு கருவியைத் தொட்டால் மின்னோட்டம் அவர் நெஞ்சினூடாகவே பாயும். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. திருவிழாக்காலத்தில் ஈர மணலில் அமைத்த கொட்டகையையும், மின்பிறப்பாக்கியிலிருந்து அவசரத்தில் இழுத்த கம்பிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மிகப் பொல்லாத பழக்கம் ஒன்றை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன். பெட்டியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் மூன்று முளைச் செருகியின் புவிக்கம்பியைக் கழற்றிவிடுவார்கள், இரைச்சல் நின்றுவிடும், கெட்டிக்காரன் என்ற பெயரும் கிடைக்கும். இலங்கையில் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை மாறுவதால் அந்த இரைச்சலும் 50 அதிர்விலேயே தொடங்குகிறது. தடித்த கம்பியின் மூன்றாம் மெட்டிற் பிறக்கும் சுரம் 49 அதிர்வு. இரண்டும் மோதினால் காதுக்குத் தாங்காது என்பது உண்மைதான். அதற்கு வழி வேறு. பெட்டியும் ஒலிக்கலவை மேசையும் வெவ்வேறிடங்களிற் புவியோடு தொடுக்கப்படுவதால் எழும் இரைச்சலாயின், டி.ஐ. பெட்டியிலுள்ள ஒரு சிறிய சுவிற்ச் சைகைக்கம்பியின் புவித்தொடுப்பை மட்டும் துண்டிக்கும். உயிரைக் காக்கும் தொடுப்பு அப்படியே இருக்கும். மேடையின் கருவிகள் அனைத்தையும் ஒரே வழங்கலிலிருந்து எடுப்பதும் நன்று. கிற்றாரே வாரிக்கொள்ளும் இரைச்சலுக்கு, 1957இல் பெண்டர் தமது பிரிசிஷன் பேஸின் கம்பிச்சுருளை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழிக்கும்படி அமைத்தார். அவ்வமைப்புடைய கிற்றார்கள் இன்று மலிவாகவும் கிடைக்கின்றன. 30 மில்லியம்பியர் கசிவில் மின்னைத் துண்டிக்கும் ‘ரிப் சுவிற்ச்’ அந்த வழங்கலில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தான் வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இல்லையென்று விடை வந்தால் பிள்ளையை மேடையேற விடாதீர்கள்.

பெட்டியை வைக்கும் இடமும் பணம் கேளாத ஒரு கருவி. சுவர் மூலையில் வைத்தால் அடித்தொனி பெருகிக் கலங்கும். வெற்றுப் பலகை மேடையில் நேரே வைத்தால் பலகையும் சேர்ந்து முழங்கும். நாற்காலி ஒன்றின் மேல், வாசிப்பவரின் காதை நோக்கி வைத்தால் குறைந்த ஒலியிலேயே அவருக்குத் தெளிவாகக் கேட்கும். அதனால் அருகிலுள்ள பாடகருக்கும் தொந்தரவு இராது. முழக்கம் மிகுந்தால், அடித்தொனித் திருகியைக் கூட்டாது சிறிது குறைத்துப் பார்க்க வேண்டும். தொடங்குமுன் நண்பனொருவனைச் சபையின் கடைசி வரிசைக்கு அனுப்பிக் கேட்கச் சொல்வதும் வேண்டும்.

ஆக, அத்தந்தையாருக்கு நான் எழுதிக்கொடுத்த பட்டியல் வேறாக இருந்தது. முதலில் உள்ள கிற்றாரைத் தேர்ந்த ஒருவரிடங் கொடுத்து, கழுத்து வளைவையும் கம்பிகளின் உயரத்தையும் சீர்செய்வித்தல். அதுவே பாதிக் குறையைத் தீர்க்கும். நல்ல கம்பிகள் ஒரு தொகுதி. கிற்றாரின் தலையிற் கவ்வவிடும் சிறிய சுருதிமானி. டி.ஐ. பெட்டி ஒன்று. பழைய 50 வாற்றுப் பெட்டி ஒன்று, பரிசோதித்து வாங்கியது. அதற்குரிய உருகி இரண்டு மேலதிகமாக. கிற்றாரினுள்ளே பற்றரி இருக்குமாயின் புதிய 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்றும் பையில் இருக்க வேண்டும். அவ்வகைக் கிற்றார்களிற் பலவற்றில், செருகியை இழுத்துவைக்காவிடில் பற்றரி வீணே தீர்ந்துகொண்டிருக்கும். இறுதியாக, இணைக்குங் கம்பி இரண்டு. ஒன்று வாசிக்க, ஒன்று கையிருப்புக்கு. அவற்றை முழங்கையிற் சுற்றி முறுக்காது, கம்பி தானாக விழும் பக்கம் பெரிய வளையங்களாகச் சுருட்டி, நாடாவினாற் கட்டி வைத்தால் பல ஆண்டு உழைக்கும்.